கல்லூரி மாணவர்களின் பசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு கலைக் கல்லூரிகளில் 26 ஆண்டுகள் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில ஆண்டுகள் எங்கள் துறை அறையில் ஓர் அலமாரி வைத்திருந்தோம். அதில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வாழைப்பழம் இருக்கும். வாரத்தில் மூன்று நாள் சுண்டலும் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேள்விப்பட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் பழைய மாணவர்களும் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தக் காலத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்களா? எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறதே?

இருக்கிறார்கள். போனை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, ஓ.டி.பி. வாங்க, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்பைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் போன் வேண்டும். போன் இல்லாமல் இன்று ஒரு பிள்ளை கல்லூரியில் படிக்க முடியாது. வீட்டில் கடன் வாங்கித்தான் பல பேருக்கு அது வந்திருக்கிறது.

முதல் மணி வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கும் பையனை இரவெல்லாம் போன் பார்த்தவன் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் ஆய்வகத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, "கடைசியா எப்ப சாப்பிட்ட?" என்று கேட்டேன். "நேத்து மத்தியானம் மேடம்" என்றாள். நேரம் அப்போது காலை 11 மணி. அவளுக்கு இரண்டு வருடமாக நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கு இந்தப் பிரச்சினை அதிகம்?

முதலில், ஷிப்ட் முறையில் காலை வகுப்புக்கு வரும் கிராமத்துப் பிள்ளைகள். எட்டரை மணி வகுப்புக்கு ஆறே காலுக்கோ ஆறரைக்கோ பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு பற்றியிருக்காது. அம்மாவும் அதே நேரத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒன்றரைக்கு வகுப்பு முடிந்து, பஸ் பிடித்து வீடு சேர மூன்று மணி ஆகிவிடும். முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த சாப்பாடு 19 மணி நேரம் கழித்துத்தான். இடையில் ஒரு டீ, ஒரு பன், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

அடுத்து, நான்கைந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்குபவர்கள். ஊரிலிருந்து ரேஷன் அரிசியைப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். மாதக் கடைசியில் அரிசி இருக்கும், குழம்பு வைக்க ஒன்றும் இருக்காது. சோறும் ஊறுகாயும் என்று ஓடும்.

உதவித்தொகை கிடைக்காத முனைவர் பட்ட மாணவர்களை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. வயது 28, 30 ஆகியிருக்கும். வீட்டில் காசு கேட்கக் கூச்சம், நெறியாளரிடம் சொல்ல அதைவிடக் கூச்சம்.

இதில் பெண் பிள்ளைகளின் நிலை தனி. வீட்டில் தம்பிக்கும் அப்பாவுக்கும் கட்டிக் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் அவளுக்கு டிபன் பாக்ஸ். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் இந்தக் கணக்கில் வருகிறவர்கள்தான்.

பள்ளியில் சாப்பாடு போட்ட அரசு கல்லூரியில் ஏன் போடவில்லை?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சிற்றுண்டி கொடுத்தார்கள். 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதில் நமக்கு நூறாண்டு அனுபவம் இருக்கிறது.

ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே பிள்ளைக்குப் பசிக்காமல் போய்விடுமா? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளுக்கான உணவு உரிமையை 14 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ரேஷன் அட்டையில் ஒரு பெயர், அவ்வளவுதான். அட்டை ஊரில் இருக்கும், பிள்ளை ஊரில் இருக்காது.

இந்தத் திட்டங்கள் வந்த காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை கல்லூரிவரை வருவது அபூர்வம். கல்லூரிக்கு வருகிறவன் வசதியானவன் என்ற எண்ணம் அப்போது ஓரளவு சரியாகவும் இருந்திருக்கலாம். இன்று அப்படி இல்லை. 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களுக்குச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுக்க 28 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 47. சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள், தட்டு மட்டும் கூட வரவில்லை.

உணவுப் பாதுகாப்பின்மை என்றால் பட்டினி கிடப்பதா?

பட்டினி அதன் கடைசிப் படி. அதற்கு முன்னால் நிறையப் படிகள் இருக்கின்றன. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு இதை அளக்க எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. பணம் இல்லாததால் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டது உண்டா? சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா? திரும்பத் திரும்பச் சில வகைகளையே சாப்பிட வேண்டியிருந்ததா? ஒரு வேளையை விட்டுவிட்டீர்களா? வயிறு நிறையாமல் எழுந்தீர்களா? வீட்டில் உணவு தீர்ந்துபோனதா? பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா? ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கழிந்ததா?

முதல் மூன்று கேள்விகளுக்கு 'ஆமாம்' என்று சொல்லும் பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருப்பாள். சிரிப்பாள், பாட்டுப் போட்டியில் கலந்துகொள்வாள். ஆனால் மாதம் 20ஆம் தேதிக்கு மேல் பாடம் அவள் காதில் விழாது. இந்த எட்டையும் ஒரு தாளில் அச்சடித்து, பெயர் எழுதச் சொல்லாமல் உங்கள் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள்.

"சாப்பிட்டாயா" என்று ஆசிரியர்கள் கேட்டால் தெரிந்துவிடுமே?

தெரியாது. நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா' என்பது 'வணக்கம்' மாதிரி. அதற்கு 'ஆச்சு' என்று சொல்வதுதான் மரியாதை என்று சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். பசியோடு இருக்கும் பிள்ளை மற்றவர்களைவிட வேகமாக "சாப்டேன் மேடம்" என்று சொல்லிவிடும்.

"காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு நொடி தயங்கினால் புரிந்துவிடும். அதையும் பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். கேள்வியே கேட்காமல் "இந்தா, இந்தப் பழத்தை எடுத்துக்கோ, எனக்கு ரெண்டு வேண்டாம்" என்று கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறதே, அது போதாதா?

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இது நல்ல திட்டம். இந்தப் பணம் வந்ததால் படிப்பை விடாமல் இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 1,000 ரூபாயை 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். அதில்தான் போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, நாப்கின். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த மாதத் தொகை அங்கே போய்விடும். போகாமல் எப்படி இருக்கும்? தேர்வுக் கட்டணம் கட்டும் மாதம்தான் மிக மோசம். கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது, பஸ்ஸைத் தவிர்க்க முடியாது, சாப்பாட்டைத்தான் குறைக்க முடியும். பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் கதையும் இதேதான். பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மத்தியத் திட்டத்தில், வீட்டிலிருந்து வந்து பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவருக்குப் படிப்புச் செலவுத் தொகை ஆண்டுக்கு 3,000 ரூபாய். நாளுக்கு எட்டு ரூபாய் சொச்சம். அதுவும் மொத்தமாக, வருடத்தில் எப்போதோ ஒருநாள் வரும்.

பணம் வரவே இல்லை என்றால் என்ன செய்வது?

பெரும்பாலும் கோளாறு மூன்று இடங்களில் இருக்கும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாமல் இருக்கும். சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறாக இருக்கும். உயர்கல்வி மாணவர்களின் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளமான யூ.எம்.ஐ.எஸ்.இல் கல்லூரி செய்ய வேண்டிய பதிவு முடியாமல் இருக்கும். முதல் இரண்டையும் மாணவரே சரிசெய்யலாம். மூன்றாவதற்குக் கல்லூரியின் பொறுப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். ஒருமுறை போய் "நாளைக்கு வா" என்றால் அடுத்த நாள் ஆசிரியர் ஒருவரோடு போங்கள். ஆசிரியர்களே, தயவுசெய்து கூடப் போங்கள். பத்து நிமிட வேலை அது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு வருடத்து 12,000 ரூபாய் இருக்கிறது.

அரசு விடுதியில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லைதானே?

வெளியே தனியாகத் திண்டாடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இடம் கிடைத்தால் கண்டிப்பாகச் சேருங்கள். உணவும் தங்குமிடமும் இலவசம். 2025இலிருந்து இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. உயர்த்திய பிறகும் நாளுக்கு 50 ரூபாய், அதில் மூன்று வேளை. 20 வயதுப் பையனுக்கு, முட்டை, காய்கறி, பருப்பு எல்லாம் சேர்த்து. பொறுப்பான காப்பாளரும் நல்ல சமையல்காரரும் அமைந்த விடுதியில் இந்தத் தொகையிலேயே வயிறு நிறைகிறது. அமையாத இடத்தில் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். காய்கறி விலை ஏறும்போது படியும் தானாக ஏறும்படி ஒரு விதி வர வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் கட்டண விடுதிகளில் வேறு சிக்கல். மாதச் செலவை எல்லாருக்கும் பங்கு போடும் டிவைடிங் முறை. பாக்கி சேர்ந்தால் மெஸ்ஸில் பெயரை எடுத்துவிடுவார்கள், சில இடங்களில் ஹால் டிக்கெட்டையும் நிறுத்துவார்கள். நான் அறிந்த ஒரு பையன் பாக்கிக்குப் பயந்து, மெஸ் சாப்பாடு வேண்டாம் என்று தானே 'மெஸ் கட்' எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் பிஸ்கட்டில் ஓட்டினான். நன்றாகப் படிக்கிற பையன். அந்தப் பருவத்தில் மூன்று பாடம் போனது.

நான் மாணவன். கையில் காசே இல்லை. இன்றைக்கு என்ன செய்யட்டும்?

முதலில், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

சென்னையில் இருந்தால் அம்மா உணவகம். 2013இல் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று, பருப்புக் கடைசலோடு இரண்டு சப்பாத்தி மூன்று. காலையில் நான்கு இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி என்றால் 12 ரூபாயில் ஒரு நாள். மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் உண்டு, நேரத்தையும் வகையையும் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் மதிய அன்னதானம் நடக்கிறது. ஸ்ரீரங்கம், பழனி போன்ற இடங்களில் நாள் முழுக்க. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு போடும் இடம் அது. அன்னதான வரிசையில் நிற்பது பிச்சை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பத்து ரூபாய்தான் இருக்கிறது என்றால் டீயும் பிஸ்கட்டும் வேண்டாம். வேர்க்கடலையோ கடலை மிட்டாயோ வாங்குங்கள். அதே காசுக்கு ரொம்ப நேரம் தாங்கும். டீ பசியை மறைக்கத்தான் செய்யும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைத்துவிடும்.

அப்புறம், ஒரே ஓர் ஆசிரியரிடமாவது சொல்லுங்கள். கதை முழுக்கச் சொல்ல வேண்டாம். "மேடம், சாப்பாட்டுக்குக் கஷ்டமா இருக்கு" என்ற ஒரு வரி போதும்.

வார இறுதியில் கேட்டரிங் வேலைக்குப் போகலாமா?

போகிறார்கள். முகூர்த்த நாளில் மண்டபத்தில் பந்தி பரிமாறினால் கூலியும் கிடைக்கும், வயிறாரச் சாப்பாடும் கிடைக்கும். தவறே இல்லை, பலரைக் காப்பாற்றிய வேலை அது. நடு இரவுவரை நின்றுவிட்டு மறுநாள் முதல் மணிக்கு வருவதுதான் கஷ்டம். ஆசிரியர்கள் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு மறுநாள் வருகைப் பதிவில் கொஞ்சம் இளக்கம் காட்டினால் நல்லது.

எங்கள் கல்லூரியில் எப்படித் தொடங்குவது?

சின்னதாகத் தொடங்குங்கள். திட்ட அறிக்கை, குழு, திறப்பு விழா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். துறை அறையில் பூட்டு இல்லாத ஓர் அலமாரி போதும். வழியில் இருக்க வேண்டும், ஆனால் எல்லார் பார்வையும் விழும் இடமாக இருக்கக் கூடாது. நாங்கள் முதலில் தலைவர் மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம், ஒருவரும் வரவில்லை. நூலக அலமாரிக்குப் பின்னால் நகர்த்தியதும் மதியத்துக்குள் காலியாகிவிட்டது. புத்தகம் எடுக்க வந்த மாதிரி வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

சமைக்காத பொருட்களில் தொடங்கலாம்: வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், வாழைப்பழம். கெட்டுப்போகும் பயம் குறைவு. பழகிய பிறகு சுண்டல். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆளுக்கு 100 கிராம் என்றால் 20 பேர். அந்த 100 கிராமில் எட்டு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. முட்டையும் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கேண்டீன்காரர் அண்ணனிடம் பேசிப்பாருங்கள். எங்கள் கேண்டீனில் அடுப்பும் கேஸும் அவருடையது, பொருள் மட்டும் எங்களுடையது. அவர் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

நேரம் முக்கியம். மதியம் கொடுப்பதைவிடக் காலை முதல் மணிக்கு முன்னாலோ, முதல் இடைவேளையிலோ கொடுங்கள். மூளை, நாம் சும்மா இருக்கும்போதுகூட உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றோடு கணக்கியலும் வேதியியலும் ஏறாது.

பணத்துக்கு ஆசிரியர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டோம். பிறகு முன்னாள் மாணவர்கள் சேர்ந்தார்கள். பொறுப்பை என்.எஸ்.எஸ். பிள்ளைகளிடம் சுழற்சி முறையில் கொடுத்தோம். பரிமாறுகிறவர்களில் பலரும் சாப்பிடுகிறவர்கள்தான் என்பதால் 'கொடுப்பவர், வாங்குபவர்' என்ற கோடு தானாக அழிந்துபோனது.

வசதி உள்ளவர்களும் எடுத்துக்கொண்டு போவார்களே?

போகட்டும். அவர்களும் எடுப்பதால்தான் இல்லாதவர்கள் தைரியமாக வருகிறார்கள். வருமானச் சான்று, டோக்கன், பெயர்ப் பட்டியல் என்று ஆரம்பித்த அன்றே அந்த அலமாரி 'ஏழைகள் அலமாரி' ஆகிவிடும். 19 வயதில் அந்தப் பெயரைச் சுமப்பதற்குப் பதில் பிள்ளைகள் பட்டினியையே தேர்ந்தெடுப்பார்கள். ஒரு கூடுதல் கைப்பிடிக் கடலைக்கு ஆகும் செலவைப் பார்த்து நிறையப் பேரை இழந்துவிடாதீர்கள்.

நன்கொடையாளர் புகைப்படம் கேட்கிறார். எடுக்கலாமா?

கூடாது. அலமாரியை எடுங்கள், சுண்டல் பாத்திரத்தை எடுங்கள். சாப்பிடும் பிள்ளையின் முகத்தை எடுக்காதீர்கள். படம் இல்லாமல் பணம் இல்லை என்றால் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மீந்த சாப்பாட்டை வாங்கலாமா?

நல்ல எண்ணம்தான், கவனம் வேண்டும். சமைத்த சோறு 60 டிகிரி சூட்டுக்குக் கீழே மணிக்கணக்கில் இருந்தால் கிருமி பெருகிவிடும், பிறகு சூடாக்கினாலும் நஞ்சு போகாது. மீந்த உணவைப் பகிர்வதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. பதிவு செய்த அமைப்புகள் வழியாக மட்டும் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வேண்டாம்.

முழுச் சாப்பாடே போடும் கல்லூரி எங்காவது உண்டா?

உண்டு. பழனி தண்டாயுதபாணி கோயில் நடத்தும் பள்ளி, கல்லூரிகளில் 2022 நவம்பரிலிருந்து மாணவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி கொடுக்கிறார்கள். சென்னையில் அரசு உதவி பெறும் பழைய கல்லூரிகள் சிலவற்றில் ஆசிரியர், மாணவர் நன்கொடையிலேயே மதிய உணவு பல காலமாக நடக்கிறது. ஆக, கல்லூரியில் சோறு போடுவது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பழனியில் நடப்பது அரசுக் கல்லூரிகளிலும் நடக்க வேண்டும், அதற்கு அரசுதான் முன்வர வேண்டும். எங்கள் அலமாரியெல்லாம் அதுவரைக்கும்தான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமா?

இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் தணிக்கை அமைப்பு 2024இல் சொன்னபடி, அங்கே 2020இல் இளநிலை மாணவர்களில் 23 சதவீதம், அதாவது 38 லட்சம் பேர் உணவுப் பாதுகாப்பில்லாதவர்கள். அவர்களில் அரசு உணவு உதவிக்குத் தகுதி இருக்கக்கூடியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அதைப் பெறவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993லேயே மாணவர்கள் உணவு வங்கி நடத்தத் தொடங்கினார்கள். விண்ணப்பம் புரியாதது, தகுதி தெரியாதது, கேட்கக் கூச்சம் என்று காரணங்களும் நம்முடையவைதான்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். நான் படித்த கல்லூரிக்குப் பணம் அனுப்பலாமா?

தாராளமாக. தனி ஆளின் கணக்குக்கு அனுப்பாமல், முன்னாள் மாணவர் சங்கத்தின் வழியாக, ரசீதோடு அனுப்புங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்குச் சட்டம் இருக்கிறது, சங்கத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பிறந்தநாளுக்கு ஒருநாள் பிரியாணி போடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அந்தத் தொகையில் ஒரு மாதத்துக்குச் சுண்டல் போடலாம் என்று நான் சொல்வேன். முடிந்தால் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் முன்னால் வந்து சேரும்படி அனுப்புங்கள். தேர்வுக் கட்டணம் கட்டி முடித்த வாரங்களில்தான் எங்கள் அலமாரி பத்து மணிக்கே காலியாகும்.